பரணிலிருக்கும் டிவியா, இலவச லேப்டாப்பா, கடை ஸ்டிக்கா? பழைய வீடியோ கேம் ஆட எது சரிப்படும்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊரானாலும், வீட்டுப் பரணைத் துழாவினால் மூன்று சாமான்களில் ஒன்றாவது கையில் தட்டுப்பட வாய்ப்புண்டு. கேசட் சொருகும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று. 2006-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த 14 அங்குல இலவச கலர் டிவி ஒன்று. 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப் ஒன்று. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு மரியோவையும் பேக்மேனையும் காட்ட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன் பரணில் ஏற வேண்டும்.

கடையில் கிடைப்பவை வேறு. அட்டைப்பெட்டியில் "பத்தாயிரம் கேம்" என்று அச்சிட்ட, டிவியில் சொருகி ஆடும் எச்டிஎம்ஐ ஸ்டிக், ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கணினி, காசு போட்டு ஆடும் கடை மெஷின் மாதிரி ஆசாரியை வைத்துச் செய்துகொள்ளும் ஆர்கேட் பெட்டி. பழைய பெட்டியையும் பழைய டிவியையும் ஒன்றாக எண்ணினால், ஆக ஐந்து வழிகள். கேம் எண்ணிக்கையை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் பணம் வீண். எந்த கேமை ஆடப் போகிறீர்கள், அது எந்தத் திரைக்கும் எந்த ஜாய்ஸ்டிக்குக்கும் பிறந்தது என்று முதலில் பாருங்கள். மெஷின் தானாக முடிவாகிவிடும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், பழைய கேம்கள் தம் மெஷினின் உடம்போடு ஒட்டிப் பிறந்தவை. டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ 1978-ல் செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 படையெடுப்பாளர்கள் வரிசையாக வருவார்கள். சுடச்சுட மிச்சமிருப்பவர்களின் வேகம் கூடும். எண்ணிக்கை குறையக் குறைய, வரைய வேண்டிய உருவம் குறைந்து இன்டெல் 8080 சிப் சீக்கிரம் வேலையை முடித்தது. அதிலிருந்து வந்த வேகம்தான் அது. நாம்கோவின் பேக்மேன் 1980-ல் வந்தது. அதன் திரை நெட்டுக்குத்தானது: அகலம் 224 புள்ளி, உயரம் 288. ஜாய்ஸ்டிக் நான்கு திசைக்கு மட்டும் அசையும். 1983 ஜூலை 15-ல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபாமிகாம் 256-க்கு 240 புள்ளியில் கிடைமட்டப் படம் போட்டது. 1985-ன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் அதற்கு எழுதப்பட்டது. 1991-ன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆளுக்கு ஆறு பட்டனும் எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கும் கேட்டது. இந்த நான்கையும் ஒரே ஸ்டிக்கில், கையில் பிடித்து ஆடும் ஒரே பேடில் ஆடினால் நான்கிலும் ஏதோ ஒன்று குறையும்.

பழைய பெட்டியும் பழைய டிவியும்

நம் ஊர்களில் கேசட் கேம் என்று விற்றவற்றில் பெரும்பாலானவை ஃபாமிகாமின் நகல்கள். உள்ளே திறந்தால் தனித்தனிச் சிப்புகள் இருக்காது. பலகை நடுவில் கறுப்புத் தார் சொட்டு மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். ஃபாமிகாம் முழுவதும் அந்தச் சொட்டுக்குள் அடக்கம். அது போய்விட்டால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் செத்ததாகத் தெரியும் பெட்டிகளில் பலவற்றில் சொட்டு நன்றாகவே இருக்கும். கோளாறு அடாப்டரிலோ, சுவிட்சிலோ, மின்சாரத்தை 5 வோல்ட்டுக்கு இறக்கும் 7805 ரெகுலேட்டரிலோதான்.

முதலில் அடாப்டர். பெரும்பாலான பெட்டிகளுக்கு 9 வோல்ட் டிசி. பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். அசல் ஃபாமிகாமில் நடு நெகட்டிவ். பெட்டியின் அடியில் ஒட்டிய படத்தைப் பார்த்து, மல்டிமீட்டரில் அடாப்டரையும் அளந்த பிறகே சொருகுங்கள். மலிவுப் பெட்டிகளில் தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்கும் டையோடு இருக்காது. மாறிப் போனால் அந்த நொடியே முடிந்தது. பின்னாளில் வந்த சில பெட்டிகள் 5 வோல்ட்டில் ஓடுபவை, அவற்றுக்கு 9 கொடுத்தால் சிப் எரியும். சந்தேகம் வந்தால் மூடியைக் கழற்றி, அலுமினியத் தகட்டில் திருகிய மூன்று கால் 7805 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 9 வோல்ட் பெட்டி. அதன் நடுக்காலுக்கும் வெளிக்காலுக்கும் இடையே 5 வோல்ட் வர வேண்டும். உள்ளே 9 போய் வெளியே வரவில்லை என்றால் புதிய 7805 மாற்றுங்கள். ஐம்பது ரூபாய்கூட ஆகாத வேலை. தகடு தொட்டால் சுடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். மிச்ச 4 வோல்ட்டை அது சூடாகத்தான் கழிக்கிறது.

அடுத்து கேசட். வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் செம்புப் பின்னில் படிந்து கறுக்கும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று ஏற்கனவே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கும். பென்சில் ரப்பரால் பின்களை நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் இரு பக்கமும் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும் வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த ஐப்பசி மழைக்கே மறுபடி கறுக்கும்.

இப்போது டிவி. படக்குழாய் டிவியின் உள்ளே 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பின்மூடியை நீங்கள் திறக்கவே கூடாது. பழைய டிவி மெக்கானிக் ஒருவர் ஊரில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் இந்த வழி. பரணிலிருந்து இறக்கியதும் போடாமல், இரண்டு நாள் காய்ந்த அறையில் வையுங்கள். ஈரத்தூசியோடு போட்டால் குழாயின் தொப்பி அருகே படபடவென்று பொரியும். போட்டதும் திரை நடுவே குறுக்காக ஒற்றை வெள்ளைக்கோடு மட்டும் வந்தால் உடனே அணையுங்கள். செங்குத்துப் பகுதி வேலை செய்யவில்லை. விட்டுவைத்தால் அந்தக் கோடு திரையில் தழும்பாகிவிடும். இது பெரும்பாலும் வெர்ட்டிகல் ஐசியில் டிரை சால்டர் (பிடிப்பு விட்ட ஈயப்பற்று), அல்லது வற்றிய கண்டென்சர். மெக்கானிக்குக் கைப்பழக்கமான வேலை. திரையோரத்தில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு இருந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறீர்களா பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் படத்தில் பட்டை ஓடும், ஒலியில் உறுமல் வரும். அது டிவியின் குற்றம் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம்? இரண்டு. ஒன்று துப்பாக்கி. 1984-ன் டக் ஹண்ட்டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையிலுள்ள கண் அந்த வெளிச்சத்தைத் தேடுகிறது. எல்சிடி திரையில் அந்தக் கட்டம் தாமதமாக வருகிறது. படக்குழாயின் கதிர் வரிவரியாக ஓடும் துடிப்பும் அதில் கிடையாது. அதனால் பழைய துப்பாக்கி புதிய டிவியில் ஒரு வாத்தையும் வீழ்த்தாது. வேறு எந்த வழியும் இதை ஈடுகட்டாது.

இரண்டாவது வேகம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு 60 படம் காட்டியது, நம் ஊர் டிவியின் பால் (PAL) முறை 50. இங்கே விற்ற நகல் பெட்டிகள் பால் முறையில் ஓடியதால் மரியோவும் காண்ட்ராவும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடின. பாட்டும் அந்த அளவுக்கு இழுத்தது. அதில் பழகிய கை புதிய மெஷினில் ஆடும்போது தாண்டும் இடமெல்லாம் தவறும். "இது நாம் ஆடிய கேம் இல்லையே" என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

இலவச லேப்டாப்

வீட்டில் ஓடும் நிலையில் லேப்டாப் இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான வழி என்பது எங்கள் தீர்ப்பு. 1978 முதல் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரையிலான கேம்களுக்கு அதன் சக்தி தாராளம். முதல் பிளேஸ்டேஷனும் ஓடும். 2000-ன் பிளேஸ்டேஷன் 2-ஐ அதில் முயல வேண்டாம்.

வேலை தொடங்கும் முன் லேப்டாப்பைத் தட்டையான மேஜையில் வைத்து, டச்பேட் பகுதி மேலே புடைத்திருக்கிறதா பாருங்கள். புடைத்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. கழற்றி எடுத்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்துவதோ அமுக்குவதோ தீ விபத்தில் முடியும்.

விண்டோஸ் ஒழுங்காக ஓடினால் ரெட்ரோஆர்க் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அது ஒரு சட்டகம் மட்டுமே. ஒவ்வொரு மெஷினுக்கும் அதைப்போல நடிக்கும் ஒரு கோர் (சிறு நிரல்) இறக்க வேண்டும்: ஃபாமிகாமுக்கு எஃப்சிஇயூஎம்எம், சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ், சேகாவின் மெகா டிரைவுக்கு ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், ஆர்கேடுக்கு எஃப்பிநியோ. விண்டோஸ் படுத்துவிட்டதென்றால், 32 ஜிபி பென் டிரைவில் படோசெரா என்ற, பழைய கேமுக்கான இலவச இயங்குதளத்தை எழுதி அதிலிருந்தே துவக்கலாம். ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. 64 பிட் செயலி வேண்டும். பயாஸ் எனும் துவக்க அமைப்பில் செக்யூர் பூட்டை அணைத்தால்தான் பென் டிரைவ் தெரியும்.

செய்ய வேண்டிய மாற்றங்கள் மூன்று. 1366-க்கு 768 திரையில் 240 வரிப் படத்தை முழு உயரத்துக்கு இழுத்தால் 3.2 மடங்கு வரும். சில வரி தடித்தும் சில வரி மெலிந்தும், நகரும்போது படம் நெளியும். வீடியோ ஸ்கேலிங்கில் இன்டிஜர் ஸ்கேலைப் போட்டால் சரியாக 3 மடங்கில், 720 வரியில் நிற்கும். மேலும் கீழும் 24 வரி கறுப்பு. அதை அப்படியே விடுங்கள். அகலத்தை 4:3-ல் வையுங்கள், மரியோவைக் குண்டாக்காதீர்கள். சிறுவயதில் ஆடிய வேகமே வேண்டுமென்றால், எஃப்சிஇயூஎம்எம் கோரில் ரீஜன் என்ற இடத்தில் டெண்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற ஃபாமிகாம் நகலின் பெயர். 50 படத்தில் ஓடிய நகல் பெட்டிகளின் கணக்கு அதுதான். லேப்டாப் திரை 60-ல் ஓடுவதால் உருட்டலில் லேசான தத்தல் தெரியும்.

யூஎஸ்பி பேட் ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். லேப்டாப் கீபோர்டில் ஓடும் விசை, தாண்டும் விசை, திசை விசை மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் ஒன்று பதிவாகாமல் போகும். "மரியோ தாண்ட மாட்டேங்குறான்" என்று பிள்ளை சொன்னால் குறை பிள்ளையிடம் இல்லை.

ஆர்கேட் கேம்களில் மட்டும் ஒரு குழி இருக்கிறது. ஆர்கேட் கேம்களைக் கணினியில் ஓட்ட நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட மேம் மென்பொருள் இன்றுவரை வளர்கிறது. சிப்பைப் படித்தெடுத்த கோப்புகளின் பட்டியலும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. மேம் 2003 கோருக்கு 0.78 பதிப்பின் கோப்புத்தொகுதிதான் ஒத்துப்போகும். வேறு பதிப்பிலிருந்து வந்த கோப்பு திறக்காது, அல்லது பாதி ஒலி இல்லாமல் திறக்கும். லேப்டாப்பைக் குறை சொல்லாமல் பதிப்பைப் பாருங்கள். அமைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, உரிமையாளர்களே வணிகமற்ற பயன்பாட்டுக்கு அனுமதித்த கிரிட்லீ, ராபி ரோட்டோ போன்றவை மேம் தளத்திலேயே கிடைக்கின்றன. பேக்மேன், மரியோ எல்லாம் இன்றும் பதிப்புரிமையில் இருப்பவை என்பதையும் சொல்லியாக வேண்டும். காசு கொடுத்து வாங்கும் தொகுப்புகள் நிறைய வந்துவிட்டன. 2022-ன் அடாரி 50 அவற்றில் சிறந்தது, ஆனால் அதற்கு இந்த லேப்டாப்பைவிடப் புதிய கணினி வேண்டியிருக்கும்.

ஸ்டிக்

பொருட்காட்சியிலும் இணையத்திலும் விற்கும் எச்டிஎம்ஐ ஸ்டிக்கைப் பரிந்துரைக்க மாட்டோம். உள்ளே இருப்பவை உரிமம் இல்லாத நகல்கள். எண்ணிக்கையில் பாதி, ஒரே கேமின் வெவ்வேறு நாட்டுப் பதிப்புகள். கம்பியில்லாப் பேடின் தாமதமும் டிவியின் தாமதமும் சேர்ந்தால் மரியோ பள்ளத்தில் விழுந்த பிறகுதான் தாண்டுவான். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் கொடுக்காதீர்கள். அது 500 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் தரும், நடுவில் அணைந்து அணைந்து வரும். நல்ல மொபைல் சார்ஜரைப் போடுங்கள். டிவியில் கேம் மோடு இருந்தால் அதையும் போடுங்கள்.

ராஸ்பெரி பை

லேப்டாப் இருக்கும் வீட்டில் இதைத் தனியாக வாங்க அவசியமில்லை. இரண்டு இடத்தில்தான் இது ஒளிரும்: ஆர்கேட் பெட்டிக்குள், அல்லது பரண் டிவியோடு சேரும்போது. இரண்டாவதற்கு பை 3 போதும். பை 5-ல் 3.5 மி.மீ. ஏவி துளையே கிடையாது. பைக்கான இலவச கேம் தொகுப்பான ரெட்ரோபை போட்டு, கான்ஃபிக் கோப்பில் எஸ்டிடிவி மோடை (sdtv_mode) 18 என்று வையுங்கள். 2 என்று வைத்தால் படம் வரும், ஆனால் வரி நடுங்கும். 18-ல் பழைய பெட்டியைப் போலவே அசையாத படம் கிடைக்கும். எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிவிட்டுத் துவக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏவி பக்கம் படம் வராது.

கேபிள் வாங்குவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பையின் ஏவி ஜாக்கில் நுனி இடது ஒலி, முதல் வளையம் வலது ஒலி, இரண்டாவது வளையம் கிரவுண்ட், அடிப்பகுதி படம். பழைய கேமரா கேபிள்கள் பலவற்றில் கிரவுண்டும் படமும் இடம் மாறியிருக்கும். மஞ்சள் பிளக்கின் நடு ஊசியும் ஜாக்கின் அடிப்பகுதியும் இணைந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

திரையில் மின்னல் குறி வந்தால் மின்சாரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. கேபிளை மாற்றுங்கள். மெனு வழியாக அணைக்காமல் சுவிட்சைத் தட்டினால், அல்லது ஆடும்போது கரண்ட் போனால், எஸ்டி கார்டு ஒருநாள் இறக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். எல்லாம் அமைத்து முடித்த அன்றே கார்டை முழுமையாகக் கணினியில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்கேட் பெட்டி

செலவும் உழைப்பும் அதிகம் கேட்பது இது. பேக்மேனையும் ஸ்ட்ரீட் ஃபைட்டரையும் உள்ளபடி ஆட வேண்டும் என்ற தாகம் இருப்பவர்கள் மட்டும் இறங்குங்கள். அவர்களுக்கு வேறு எதுவும் நிறைவு தராது.

மரம் முதலில். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வேண்டவே வேண்டாம், டெல்டா ஈரத்தில் அடிவிளிம்பு ஊறி உப்பும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள 18 மி.மீ. மெரைன் பிளைவுட் எடுங்கள். அடியில் 4 அங்குலம் தூக்கி ரப்பர் கால் வையுங்கள். கரையான் ஏறுவதும் கூடத்தைக் கழுவும் தண்ணீரும் இரண்டும் தடுபடும். நின்று ஆட, பட்டன் பலகை தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இருவர் ஆடும் பலகையில் இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கும் இடையே 45 செ.மீ. விடாவிட்டால் முழங்கை இடிக்கும்.

இருவருக்கு வேண்டியவை: 2 ஜாய்ஸ்டிக், ஆளுக்கு 6 வீதம் 12 பட்டன், ஸ்டார்ட் 2, காசு போடுவதற்குப் பதிலாக 2, ஆக 16 பட்டன். ஆட்டப் பட்டனுக்கு 30 மி.மீ. துளை, பட்டன்களின் மையங்களுக்கு இடையே சுமார் 36 மி.மீ. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அழுத்திச் சொருகும் ரகப் பட்டன் மெல்லிய தகட்டுக்கானது, 18 மி.மீ. பலகையில் கவ்வாது. நீளமான திருகுக் கழுத்தும் நட்டும் உள்ள ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதற்குத் துளை அளவு வேறாக இருக்கும், பட்டன் கையில் வந்த பிறகே ஆசாரியைத் துளைக்கச் சொல்லுங்கள். துளைக்கும் இடத்தில் மேல்பக்கம் டேப் ஒட்டினால் சிம்பு எழும்பாது.

பட்டனைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி என்கோடர் இரண்டு ஒரே மாதிரி வாங்கினால், சில நாள் துவக்கும்போது முதல் ஆட்டக்காரரும் இரண்டாமவரும் இடம் மாறிவிடுவார்கள். இரண்டுக்கும் கணினியிடம் ஒரே அடையாள எண். இருவருக்கும் சேர்ந்த ஒற்றை என்கோடர் வாங்குவது நல்லது.

திரைக்குப் புதிய அகல டிவி வாங்க வேண்டாம். பேக்மேனின் நெட்டுக்குத்துப் படம் அதில் அகலத்தின் 42 சதவீதத்தில் ஒடுங்கிவிடும். அலுவலகங்கள் கழித்துவிட்ட 19 அங்குல, 1280-க்கு 1024 மானிட்டரைத் தேடுங்கள். அதை நிமிர்த்தி வைத்தால் 224-க்கு 288 படம் சரியாக 4 மடங்கில், 896-க்கு 1152 ஆக உள்ளே அமர்ந்துவிடும். வாங்கும்போதே நிமிர்த்தி வைத்து இடமும் வலமும் நின்று பாருங்கள். மலிவான டிஎன் பேனலில் ஒரு பக்கம் நிற்பவருக்கு நிறம் வெளிறியோ தலைகீழாகவோ தெரியும்.

கடைசியாக ஜாய்ஸ்டிக்கின் அடிப்பக்கம். திருகைக் கழற்றினால் தண்டைச் சுற்றிச் சதுரத் துளையுள்ள பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். பல ரகங்களில் அதை 45 பாகை திருப்பிப் போட்டால் எட்டுத் திசை நான்காகிவிடும். எட்டுத் திசையிலேயே பேக்மேன் ஆடினால் மூலையில் திரும்பும்போது தண்டு சாய்ந்து நின்று இரண்டு சுவிட்ச் ஒன்றாக அழுந்தும். திருப்பம் தவறும், பின்னால் வரும் சிவப்புப் பேய் பிடித்துவிடும். தகட்டைத் திருப்பிப் போட்டு, மேலும் கீழும் இடமும் வலமும் தள்ளினால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு மறுபடி மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் பலகையைப் பெட்டியோடு ஆணி அடித்து இறுக்காதீர்கள். பின்பக்கம் கீல் வைத்துத் தூக்கித் திறக்கும்படி ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.